கை மாறிய பரிசுகள்

(பத்தாம் வகுப்பு 'அ' பிரிவு மாணவி)

ஆனைக்கும் அடி சறுக்கும் என்பது நம் முன்னோர் கண்ட உண்மை. பரிசு வழங்குவோருக்கும் அடி சறுக்குவதுண்டு. இதை நான் ஏட்டில் படித்து அறிவதற்கு முன்பே மேடைப் படியில் நின்று அறிந்துகொண்டேன்.

சென்ற ஆண்டு ஒரு கட்டுரைப் போட்டியின் பரிசளிப்பு விழா. "முதல் பரிசு" என்று சொல்லி ஒலிபெருக்கியில் என் பெயரை அழைத்தார்கள். தோழியர் கைதட்ட, நான் எழுந்து மண்டபத்தைக் கடந்து, மேடைப் படியில் காலும் வைத்துவிட்டேன். அப்போதுதான் அறிவிப்பாளர் தலைப்பெழுத்தையும் வகுப்புப் பிரிவையும் சேர்த்து மறுமுறை வாசித்தார். பரிசு எனக்கன்று, என் பெயரையே உடைய 'இ' பிரிவு மாணவிக்கு. அவள் மேலே ஏறினாள். நான் கீழே இறங்கினேன்.

அன்று இரவு, "உலகத்தில் வேறு யாருக்காவது இப்படி நேர்ந்திருக்குமா அப்பா?" என்று அழுகையோடு கேட்டேன். அப்பா சிரித்துக்கொண்டே, "ஆஸ்கார் மேடையிலேயே நேர்ந்திருக்கிறதே! படித்துப் பாரேன்" என்றார். விடுமுறையில் நான் படித்து அறிந்தவற்றை அன்புத் தோழியரோடு இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

ஆஸ்கார் பிறந்த கதை

அமெரிக்க நாட்டின் ஹாலிவுட் நகரில் 1927ஆம் ஆண்டு திரைப்படத் துறையினர் கூடி ஓர் அகாடமியை நிறுவினர். அந்த அகாடமி வழங்கும் விருதுக்கே ஆஸ்கார் என்பது செல்லப் பெயர். முதல் விழா 1929ஆம் ஆண்டு மே 16ஆம் நாள் ரூஸ்வெல்ட் ஹோட்டலில் ஒரு விருந்தோடு நடைபெற்றது. பரிசு வழங்கி முடிக்க ஏறத்தாழ 15 நிமிடங்களே ஆயின. வெற்றி பெற்றவர்கள் யார் யார் என்பது மூன்று மாதங்களுக்கு முன்பே எல்லோருக்கும் தெரிந்திருந்ததால், அங்கே வியப்புக்கும் இடமில்லை. பெயர் குழம்புவதற்கும் இடமில்லை.

விருதாகத் தருவது பொன்முலாம் பூசிய ஒரு சிறு சிலை. கையில் வாள் ஊன்றிய வீரன் ஒருவன் படச்சுருளின்மீது நிற்பதுபோல் அமைந்தது. உயரம் பதின்மூன்றரை அங்குலம். எடை எட்டரைப் பவுண்டு. இதைத் தருவது அரசாங்கமும் அன்று, ரசிகர்களும் அல்லர். நடிகர், இயக்குநர், ஒளிப்பதிவாளர், இசையமைப்பாளர் என்று அத்தொழிலிலேயே உள்ள அகாடமி உறுப்பினர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். வாக்குகளை வெளியாரான ஒரு கணக்காய்வு நிறுவனம் எண்ணுகிறது. இவ்வளவு ஏற்பாடு இருந்தும் பரிசு தவறான கைக்குப் போனதுண்டு.

அந்தத் தவறுகளை இரண்டு வகையாகப் பிரிக்கலாம். ஒன்று, பெயரை அழைப்பதில் நேரும் தவறு. மற்றொன்று, ஆளைத் தேர்ந்தெடுப்பதிலேயே நேரும் தவறு. முன்னது சில நிமிடங்களில் திருந்திவிடும். பின்னது திருந்துவதற்கு ஆயுள் முழுவதும் ஆகலாம்.

அழைப்பில் வந்த தவறு

1934ஆம் ஆண்டு மார்ச் 16ஆம் நாள் நடந்த விழாவில் வில் ரோஜர்ஸ் என்ற நகைச்சுவை நடிகர் பரிசுகளை அறிவித்தார். சிறந்த இயக்குநருக்கான உறையைப் பிரித்துப் பார்த்தவர், முழுப்பெயரைச் சொல்லாமல், "பிராங்க், வந்து வாங்கிக்கொள்" என்று உரிமையோடு அழைத்தார். போட்டியில் இருந்தவர்களில் இருவர் பிராங்க்! பிராங்க் காப்ரா என்பவர் தம்மைத்தான் அழைக்கிறார்கள் என்று எழுந்து மேசைகளுக்கு நடுவே நடந்தார். ஆனால் ஒளிவிளக்கு மண்டபத்தின் மறுபுறத்தில் எழுந்த பிராங்க் லாயிட் என்பவரைத் தேடிப் போயிற்று. பரிசு அவருக்கே. காப்ரா வந்த வழியே திரும்பி நடந்தார். அந்த நடையைப் பற்றி அவர் முதுமையில் எழுதிய தன்வரலாற்று நூலிலும் சொல்லியிருக்கிறார் என்றால், அது எவ்வளவு ஆழமாகக் குத்தியிருக்க வேண்டும்! இதைப் படித்தபோது, எனக்கு முன்னே ஒரு பெரிய மனிதர் நடந்து காட்டிய பாதை இது என்று எனக்கு ஆறுதல் பிறந்தது. மறு ஆண்டிலேயே காப்ராவின் 'இட் ஹாப்பன்ட் ஒன் நைட்' என்ற படம் முதன்மையான ஐந்து பரிசுகளையும் ஒருசேரப் பெற்றது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

1940ஆம் ஆண்டு வேறொரு குழப்பம். விழா முடிந்த பிறகே வெளியிடும்படி பத்திரிகைகளுக்கு முன்கூட்டியே கொடுத்த பட்டியலை லாஸ் ஏஞ்சல்ஸ் நாளேடு ஒன்று மாலைப் பதிப்பிலேயே அச்சிட்டுவிட்டது. விருந்துக்கு வந்தவர்கள் வழியிலேயே முடிவைப் படித்துவிட்டார்கள். அடுத்த ஆண்டிலிருந்துதான் முத்திரையிட்ட உறை வழக்கத்துக்கு வந்தது.

அந்த உறையே ஒருநாள் காலை வாரிவிட்டது. 2017ஆம் ஆண்டு பிப்ரவரி 26ஆம் நாள் விழாவின் இறுதியில் சிறந்த படத்துக்கான பரிசை அறிவிக்க வாரன் பீட்டி, ஃபே டனவே என்ற மூத்த கலைஞர்கள் இருவர் மேடைக்கு வந்தனர். எந்தப் பக்கமிருந்து யார் வந்தாலும் கொடுக்க வசதியாக, மேடையின் இரு புறமும் ஒவ்வொரு பரிசுக்கும் ஓர் உறை வீதம் வைத்திருப்பார்கள். சிறந்த நடிகைக்கான பரிசைச் சற்றுமுன் அறிவித்திருந்தார்கள். அதன் இரட்டை உறை மறுபுறத்தில் பிரிக்கப்படாமல் எஞ்சியிருந்தது. கணக்காய்வாளர் கைதவறி அதையே பீட்டியிடம் கொடுத்துவிட்டார். சீட்டில் நடிகை எம்மா ஸ்டோனின் பெயரும், அவர் நடித்த 'லா லா லேண்ட்' படத்தின் பெயரும் இருந்தன. பீட்டி குழம்பினார், உறைக்குள் வேறு ஏதேனும் உண்டா என்று பார்த்தார், பிறகு சீட்டை டனவேயிடம் நீட்டினார். அவர் படத்தின் பெயரைப் படித்துவிட்டார்.

'லா லா லேண்ட்' குழுவினர் மேடையேறிச் சிலை பெற்று, நன்றியுரையும் ஆற்றத் தொடங்கிவிட்டனர். இரண்டு நிமிடங்களுக்கு மேல் சென்ற பிறகே தவறு தெரிந்தது. அப்போது அப்படத்தின் தயாரிப்பாளர்களுள் ஒருவரான ஜோர்டன் ஹாரோவிட்ஸ் ஒலிபெருக்கியின் முன் வந்து, பரிசு பெற்றது 'மூன்லைட்' படமே என்றும், இது வேடிக்கைப் பேச்சு அன்று என்றும் தாமே அறிவித்தார். சரியான சீட்டை எல்லோரும் காணும்படி உயர்த்திப் பிடித்தார். தம் கையிலிருந்த சிலையை 'மூன்லைட்' குழுவினரிடம் மகிழ்ச்சியோடு கொடுப்பதாகச் சொன்னார். உலகமே பார்த்துக்கொண்டிருந்த அந்த வேளையில் அவர் காட்டிய பண்பு பரிசைவிடப் பெரியது என்பேன்.

இந்தத் தவறுக்குப் பிறகு விதிகள் இறுக்கப்பட்டன. முடிவுகளை மனப்பாடம் செய்த கணக்காய்வாளர் மூன்றாமவர் ஒருவர் கட்டுப்பாட்டு அறையில் அமர்வதென்றும், மேடையேறுமுன் உறை சரியானதா என்று பரிசை அறிவிப்பவரே பார்த்துக்கொள்வதென்றும், விழா நேரத்தில் கணக்காய்வாளர்கள் கைபேசி வைத்திருக்கக் கூடாதென்றும் 2018இல் ஏற்பாடாயிற்று.

தேர்வில் வந்த தவறு

இனி இரண்டாம் வகைக்கு வருவோம். இதில் எல்லோரும் முதலில் சொல்லும் உதாரணம் 'சிட்டிசன் கேன்'. 1941இல் வெளியான இப்படத்தை எடுத்து முடித்தபோது ஆர்சன் வெல்ஸ் என்ற இளைஞருக்கு வயது 25தான். தயாரித்து, இயக்கி, நடித்து, கதைவசனத்திலும் பங்கு கொண்டார். செல்வச் செழிப்புமிக்க பத்திரிகை அதிபர் ஒருவரின் உயர்வும் தனிமையும் கதை. இது தம்மைப் பற்றியதே என்று வில்லியம் ராண்டால்ஃப் ஹெர்ஸ்ட் என்ற உண்மையான பத்திரிகை அதிபர் சீறினார். அவருடைய நாளேடுகள் படத்தின் விளம்பரத்தையும் ஏற்கவில்லை; பெயரையும் அச்சிடவில்லை. படத்தின் நெகட்டிவை அழித்துவிட்டால் பணம் தருவதாக வேறொரு ஸ்டுடியோவின் தலைவர் பேரம் பேசியதும் உண்டு.

1942ஆம் ஆண்டு பிப்ரவரி 26ஆம் நாள் விழா. உறை மாறிய இரவுக்குச் சரியாக 75 ஆண்டுகள் முந்திய அதே தேதி! 'சிட்டிசன் கேன்' 9 பரிசுகளுக்குப் பரிந்துரைக்கப்பட்டிருந்தது. கிடைத்ததோ திரைக்கதைக்கான ஒன்றே ஒன்று. சிறந்த படமும் சிறந்த இயக்குநரும் உள்ளிட்ட 5 பரிசுகள் ஜான் போர்டு இயக்கிய 'ஹௌ கிரீன் வாஸ் மை வேலி' படத்துக்குச் சென்றன.

ஆனால் தோழியரே, வென்ற படத்தை நாம் பழிக்கக் கூடாது. வேல்ஸ் நாட்டு நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் குடும்பம் ஒன்று எவ்வாறு சிதறுகிறது என்பதை அவ்வீட்டின் கடைக்குட்டிச் சிறுவனின் நினைவாகச் சொல்லும் உருக்கமான படம் அது. உலகப் போரில் அமெரிக்கா நுழைந்து மூன்று மாதங்கள்கூட ஆகாத காலம். குடும்பம், வீடு, பிரிவு என்ற கதை அன்று ஒவ்வொருவர் நெஞ்சையும் தொட்டிருக்கும். வென்றவர்மீது குற்றமில்லை. தோற்ற படத்தில் இருந்த புதுமையை அன்று பலரால் அளந்து பார்க்க முடியவில்லை, அவ்வளவே.

ஒரு தவறு மற்றொன்றைப் பெற்றெடுக்கும் என்பதற்கும் சான்று உண்டு. 1939ஆம் ஆண்டுப் படங்களில் 'மிஸ்டர் ஸ்மித் கோஸ் டு வாஷிங்டன்' படத்தில் நடித்த ஜேம்ஸ் ஸ்டூவர்ட் சிறந்த நடிகராவார் என்று பலர் எண்ணினர். 'குட்பை மிஸ்டர் சிப்ஸ்' படத்தில் அன்பான பள்ளி ஆசிரியராக நடித்த ராபர்ட் டோனட் வென்றார். மறு ஆண்டு 'தி பிலடெல்பியா ஸ்டோரி' என்ற இலகுவான படத்துக்காக ஸ்டூவர்ட்டுக்குப் பரிசு கொடுத்தார்கள். முன்பு தவறியதற்கு ஈடு செய்கிறார்கள் என்று அப்போதே பேச்சு எழுந்தது. ஈடு யாருக்கோ ஆயிற்று. இழப்பு வேறொருவருக்கு ஆயிற்று! அந்த ஆண்டு 'தி கிரேப்ஸ் ஆஃப் ராத்' படத்தில் வறுமையால் ஊரைவிட்டு வெளியேறும் உழவர் குடும்பத்து மகனாக வாழ்ந்து காட்டிய ஹென்றி போண்டா வெறுங்கையோடு திரும்பினார். அவரும் ஸ்டூவர்ட்டும் இளமையில் ஒரே அறையில் தங்கிய உயிர்த் தோழர்கள். தாம் போண்டாவுக்கே வாக்களித்ததாக ஸ்டூவர்ட் கூறினார் என்பார்கள். சிலையைத் தம் தந்தைக்கு அனுப்பிவிட்டார். அவர் அதைச் சொந்த ஊரில் தம் இரும்புச் சாமான் கடையில் காட்சிக்கு வைத்தார்.

போண்டாவுக்குச் சிறந்த நடிகர் பரிசு கிடைத்தது 1982ஆம் ஆண்டு மார்ச்சில். படம் 'ஆன் கோல்டன் பாண்ட்'. வயது 76. நோயால் விழாவுக்கு வர இயலவில்லை. உடன் நடித்த மகள் ஜேன் போண்டா தந்தைக்காகப் பெற்றுக்கொண்டார். அதே ஆண்டு ஆகஸ்டில் அவர் காலமானார். 41 ஆண்டுக் காத்திருப்புக்கு ஐந்து மாத மகிழ்ச்சி!

சிலருக்கு அதுவும் கிட்டவில்லை. திகில் படங்களின் மன்னர் என்று போற்றப்படும் ஆல்பிரட் ஹிட்ச்காக் சிறந்த இயக்குநர் பரிசுக்கு 5 முறை பரிந்துரைக்கப்பட்டு 5 முறையும் தோற்றார். அவருடைய 'ரெபெக்கா' 1940ஆம் ஆண்டின் சிறந்த படமாயிற்று; ஆனால் அச்சிலை தயாரிப்பாளருக்கு உரியது. 1968இல் வாழ்நாள் பணியைப் பாராட்டி ஒரு நினைவு விருது கொடுத்தபோது அவர் நன்றி என்பதற்குமேல் ஏதும் பேசாமல் நகர்ந்தார்.

சார்லி சாப்ளினின் 'சிட்டி லைட்ஸ்', 'மாடர்ன் டைம்ஸ்' ஆகிய படங்கள் ஒரு பரிந்துரைகூடப் பெறவில்லை என்றால் நம்ப முடிகிறதா? அரசியல் காரணத்தால் 1952இல் அமெரிக்காவுக்குத் திரும்ப வழியடைக்கப்பட்ட அவர், 1972இல் கௌரவ ஆஸ்கார் பெறுவதற்காகத் திரும்பினார். அரங்கமே எழுந்து நின்று பல நிமிடங்கள் கைதட்டியது. அவர் கண்கள் நிறைந்தன. நம் நாட்டின் சத்யஜித் ராயின் படம் எதுவும் ஆஸ்காரின் பரிந்துரைப் பட்டியலில் இடம்பெற்றதில்லை. 1992இல் அவருக்குக் கௌரவ விருது கொல்கத்தாவில் மருத்துவமனைப் படுக்கையில் வந்து சேர்ந்தது. விழா நடந்த மார்ச் 30ஆம் நாளுக்குப் பிறகு 24 நாட்களில் அவர் மறைந்தார்.

ஏன் தவறுகிறது?

அறிந்தவர்கள் வாக்களித்தும் ஏன் இப்படி ஆகிறது? மூன்று காரணங்கள் எனக்குப் புலப்பட்டன.

முதலாவது, எண்ணும் முறை. நம் வகுப்பில் 40 பேர். மாணவர் தலைவிக்கு ஐவர் போட்டியிடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருத்திக்கு 10 வாக்கு. மற்றவர்களுக்கு 9, 8, 7, 6. பத்து வாங்கியவள் தலைவி. ஆனால் 30 பேர் அவளைத் தேர்ந்தெடுக்கவில்லையே! சிறந்த படத்துக்கான பரிசையும் பல பத்தாண்டுகள் இப்படித்தான் முடிவு செய்தார்கள். 2009ஆம் ஆண்டுப் படங்களிலிருந்து முறை மாறியது. வாக்களிப்பவர் படங்களை ஒன்று, இரண்டு, மூன்று என்று தம் விருப்ப வரிசையில் குறிக்க வேண்டும். முதலிடம் மிகக் குறைவாகப் பெற்ற படத்தை நீக்கி, அந்த வாக்குச் சீட்டுகளை அவற்றில் அடுத்ததாகக் குறித்த படத்துக்குச் சேர்ப்பார்கள். பாதிக்கு மேல் ஒரு படம் பெறும்வரை இப்படியே தொடரும். இதிலும் ஒரு சங்கடம் உண்டு. சிலர் உயிராய் விரும்பிப் பலர் வெறுக்கும் புதுமையான படத்தைவிட, எல்லோரும் 'பரவாயில்லை' என்று சொல்லும் படம் முந்திவிடலாம்.

இரண்டாவது, விளம்பரம். 1999இல் 'சேவிங் பிரைவேட் ரையன்' என்ற போர்ப் படம் வெல்லும் என்று பலர் எதிர்பார்த்திருக்க, 'ஷேக்ஸ்பியர் இன் லவ்' சிறந்த படமாயிற்று. வாக்காளர்களைக் கவர அதன் நிறுவனத்தார் நடத்திய பிரசாரம் தேர்தல் பிரசாரம் போலவே இருந்தது என்று இன்றளவும் பேசுகிறார்கள்.

மூன்றாவது காரணம் எனக்குப் பெரும் வியப்பளித்தது. போட்டியிலுள்ள எல்லாப் படங்களையும் பார்த்தவர்தான் இறுதி வாக்கு அளிக்கலாம் என்ற விதியை எல்லாப் பிரிவுகளுக்கும் அகாடமி அறிவித்தது 2025ஆம் ஆண்டில்தான்! விடைத்தாளைப் படிக்காமல் மதிப்பெண் போட்டால் நாம் சும்மா இருப்போமா?

காலம் தரும் தீர்ப்பு

மனிதர் தவறவிட்டதைக் காலம் எடுத்துக் கொடுக்கும் என்பார்கள். பிரிட்டனில் வெளியாகும் 'சைட் அண்ட் சவுண்ட்' என்ற இதழ் பத்தாண்டுக்கு ஒருமுறை உலகின் தலைசிறந்த படம் எது என்று விமர்சகர்களைக் கேட்கிறது. 1962 முதல் 2002 வரை ஐந்து முறையும் 'சிட்டிசன் கேன்' முதலிடம் பெற்றது. 2012இல் ஹிட்ச்காக்கின் 'வெர்டிகோ' அதைக் கீழே இறக்கியது. 2022இல் ஷான்டல் ஆக்கர்மன் என்ற பெண் இயக்குநரின் படம் முதலிடத்துக்கு வந்தது. காலத்தின் தீர்ப்பும் மாறிக்கொண்டேதான் இருக்கிறது! ஆகவே எந்தப் பரிசும் இறுதித் தீர்ப்பு அன்று. அந்த நாளில், அந்த மனிதர்கள், தமக்குத் தெரிந்ததைக் கொண்டு சொன்ன சொல் அது. அதைப் பெற்றவர் தலைகனம் கொள்ளவும் வேண்டாம். பெறாதவர் சோர்ந்து போகவும் வேண்டாம்.

இத்துடன் நான் முடித்திருக்கலாம். ஆனால் சொல்லாமல் விட்ட ஒன்று நெஞ்சை உறுத்துகிறது. அன்று மேடைப் படியில் என் பெயருடையவள் எதிரே வந்தபோது நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள், நான் சிரிக்கவில்லை. வாழ்த்தும் சொல்லவில்லை. என் கட்டுரைதான் சிறந்தது, நடுவர்கள்தாம் தவறிவிட்டார்கள் என்று வீட்டில் பல நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் எழுதியதை ஒரு வரிகூடப் படிக்காமலே சொல்லிக்கொண்டிருந்தேன். படம் பார்க்காமல் வாக்களித்தவர்களைக் குறை சொல்ல எனக்கு என்ன தகுதி?

இக்கட்டுரைக்காகப் படித்துக்கொண்டிருந்தபோது, கையிலிருந்த சிலையைத் தாமே நீட்டிய ஹாரோவிட்ஸை நினைத்து வெட்கமாக இருந்தது. தமிழாசிரியையிடம் கேட்டு அவளுடைய கட்டுரையை வாங்கிப் படித்தேன். தன் பாட்டியைப் பற்றி எழுதியிருந்தாள். நான் பெரிய பெரிய சொற்களைத் தேடிப் போட்டிருந்தேன். அவளோ தனக்குத் தெரிந்ததை எழுதியிருந்தாள். படித்து முடித்தபோது என் பாட்டியின் நினைவு வந்து கண் கலங்கியது. அன்று பெயரை அழைத்ததில்தான் தவறு. பரிசு சரியான கைக்கே போயிருந்தது.

'இ' பிரிவிலுள்ள என் பெயர்த் தோழியே, ஓராண்டு தாமதமாக என் வாழ்த்தை ஏற்றுக்கொள்.